உடைத்துப் பார்க்கும் உரிமை

2025 நவம்பர் 29 அன்று லாக்லன் டேவிட்சன் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் மெட்டா நிறுவனத்துக்கு ஓர் எச்சரிக்கையை அனுப்பினார். உலகெங்கும் இணையதளங்களைக் கட்டமைக்கப் பயன்படும் ‘ரியாக்ட்’ என்ற ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பில் அவர் ஒரு குறைபாட்டைக் கண்டறிந்திருந்தார். வெளியிலிருந்து வரும் தரவைச் சர்வர் பிரித்துப் படிக்கும் இடத்தில் அந்தக் குறை இருந்தது. முறைமாறாக வடிவமைக்கப்பட்ட ஒரே ஒரு கோரிக்கையை அனுப்பினால் போதும்; கடவுச்சொல் ஏதுமின்றி அந்தச் சர்வரில் அந்நியர் ஒருவர் தம் நிரலை இயக்கிவிட முடியும். நான்கே நாள்களில், டிசம்பர் 3 அன்று, திருத்தம் வெளியானது. குறைபாட்டின் தீவிரத்துக்கு வழங்கப்பட்ட மதிப்பெண் பத்துக்குப் பத்து. அறிவிப்பு வெளியான சில மணி நேரத்தில் தாக்குதல் முயற்சிகளும் தொடங்கிவிட்டன.

இந்தச் செய்தியில் என் கவனத்தை ஈர்த்தது, குறைபாட்டைவிட அது கடந்துவந்த வழிதான். கண்டவர் சொல்வதற்கு ஓர் இடம் இருந்தது. நல்லெண்ணத்தோடு சொன்னவர்மீது வழக்குப் பாயாது என்ற உறுதி இருந்தது. கேட்டவர்கள் உடனே செயல்பட்டார்கள். மதுரையில் மென்பொருள் சோதனைப் பணியில் இருப்பவன், கல்லூரி மாணவர்களுக்கு அத்துறையில் வகுப்பெடுப்பவன் என்ற முறையில் எனக்கு எழும் கேள்வி இது: இத்தகைய குறையொன்றை நம் ஊர் மாணவர் ஒருவர் நம் அரசின் இணையதளத்தில் கண்டால், இந்த மூன்றும் அவருக்குக் கிடைக்குமா? இன்றைய நிலையில் கிடைக்காது. அதனால் இழப்பு அந்த மாணவருக்கு மட்டும் இல்லை. அந்தத் தளத்தில் தம் நிலத்தின் விவரத்தையும் குடும்ப அட்டையின் விவரத்தையும் ஒப்படைத்திருக்கும் அனைவருக்கும்தான்.

ஒரே தொடர், இரு வாசிப்பு

இந்தச் சோதனை ஏன் தேவைப்படுகிறது என்பதை விளங்கிக்கொள்ள, பள்ளியில் படித்த இலக்கணத்தை நினைவுகூர்ந்தால் போதும். ‘தாமரை’ என்பது ஒரு சொல்லாக நின்றால் மலர். ‘தா’, ‘மரை’ எனப் பிரிந்தால் தாவுகின்ற மான். ‘பலகை’ ஒரு சொல்லாக நின்றால் மரப்பலகை. பிரிந்தால் பல கைகள். இதைப் பொதுமொழி என்கிறது நன்னூல். எழுத்துகளில் மாற்றம் ஏதுமில்லை. பதம் பிரிப்பவரைப் பொறுத்துப் பொருள் மாறுகிறது.

கணினியும் நிரலை இப்படிப் பதம் பிரித்துத்தான் படிக்கிறது. அந்த வேலையைச் செய்யும் பகுதிக்குப் பாகுபடுத்தி என்று பெயர். பெரும்பாலான கணினி மொழிகள் இதில் கண்டிப்பானவை, ஜாவாஸ்கிரிப்ட் தாராளமானது. 1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் அதன் முதல் வடிவத்தைப் பத்தே நாள்களில் எழுதினார். கற்றுக்குட்டிகளும் எழுத வேண்டும், பிழையிருந்தாலும் பக்கம் இயங்க வேண்டும் என்பது அன்றைய தேவை. அந்தத் தாராளம் இன்றுவரை தொடர்கிறது. வாக்கிய இறுதியில் இட வேண்டிய அரைப்புள்ளியை எழுதுபவர் மறந்தால், மொழியே அதை ஊகித்துப் போட்டுக்கொள்கிறது. விடையைத் திருப்பியனுப்பும் ‘ரிட்டர்ன்’ என்ற ஆணைக்குப் பின் ஒரு வரி இடைவெளி விட்டுவிட்டால், அங்கேயே அரைப்புள்ளி விழுந்து, அடுத்த வரியில் இருக்கும் விடை தொலைந்துபோகிறது. [ ] ( ) ! + என்ற ஆறே குறிகளைக் கொண்டு, ஓர் எழுத்துகூட இல்லாமல், எந்த நிரலையும் எழுதிவிடலாம் என்று ஆய்வாளர்கள் செய்தே காட்டியிருக்கிறார்கள்.

இந்தத் தாராளம் ஆபத்தாக மாறும் இடம் ஒன்று உண்டு. பயனர் எழுதி அனுப்பும் எதையும் இணையதளம் முதலில் ஒரு வடிகட்டியில் போட்டுப் பார்க்கிறது. அதில் நிரல் ஒளிந்திருந்தால் நீக்க வேண்டும். வடிகட்டியைத் தாண்டியதை மற்றொருவரின் உலாவி படிக்கிறது. ஆக, ஒரே தொடருக்கு இரண்டு வாசகர்கள். வடிகட்டி ‘தாமரை’ என்று படித்து மலர்தானே என அனுமதித்ததை, உலாவி ‘தா, மரை’ என்று படித்தால் உள்ளே மான் பாய்ந்துவிடும்.

இது கற்பனை இல்லை. 2005 அக்டோபர் 4 அன்று, அப்போது புகழின் உச்சியில் இருந்த ‘மைஸ்பேஸ்’ தளத்தில் நடந்தது இதுவே. ‘ஜாவாஸ்கிரிப்ட்’ என்ற சொல் எங்கே வந்தாலும் அத்தளம் நீக்கிவிடும். சாமி கம்கார் என்ற 19 வயது இளைஞர் அச்சொல்லை நடுவில் ஒடித்து, ‘ஜாவா’வை ஒரு வரியிலும் ‘ஸ்கிரிப்ட்’டை அடுத்த வரியிலும் வைத்தார். வடிகட்டிக்கு அவை தொடர்பற்ற இரண்டு சொற்கள். சில உலாவிகளோ வரி முறிவைப் பொருட்படுத்தாமல் சேர்த்துப் படித்தன. அவருடைய பக்கத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் தாமறியாமலேயே அவருக்கு நண்பர்களாயினர்; அவர்களின் பக்கங்களும் அதே நிரலைச் சுமந்தன. 20 மணி நேரத்தில் பத்து லட்சம் பேருக்கு மேல் இதில் சிக்கினர். பாதுகாப்பு மொத்தத்தையும் தகர்க்க ஒரு வரி முறிவு போதுமாக இருந்தது.

இடி மின்னலில் பிறந்த சோதனை

இத்தகைய இடைவெளிகளை மனித அறிவு மட்டும் கொண்டு தேடிக் கண்டுபிடிப்பது கடினம். நிரலை எழுதியவர், முறையான உள்ளீட்டையே மனத்தில் வைத்து எழுதுகிறார். சோதிப்பவரும் பெரும்பாலும் அதையே சோதிக்கிறார். இதற்கு மாற்று, ‘ஃபஸிங்’ என்று சோதனையாளர்கள் குறிப்பிடும் முறை. தாறுமாறான, அரைகுறையான, யாரும் எதிர்பார்க்காத உள்ளீடுகளைக் கணினியே ஆயிரக்கணக்கில் உருவாக்கி நிரலின்மீது கொட்டும். நிரல் எங்கே திணறுகிறது, எங்கே வீழ்கிறது, எங்கே ஏற்கக் கூடாததை ஏற்கிறது என்பது பதிவாகும்.

இதன் பிறப்புக் கதையே சுவையானது. 1988-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் பார்ட்டன் மில்லர் தொலைபேசி இணைப்பு வழியாகப் பல்கலைக்கழகக் கணினியில் பணியாற்றிக்கொண்டிருந்தார். வெளியே இடியும் மழையும். இணைப்பில் இரைச்சல் புகுந்து, அவர் தட்டச்சிட்ட ஆணைகளுக்கு நடுவே பொருளற்ற எழுத்துகள் கலந்தன. அந்த எழுத்துகளால் நிரல்கள் செயலிழந்ததுதான் அவரை வியக்கவைத்தது. அதையே மாணவர்களுக்கு வகுப்புத் திட்டமாகக் கொடுத்தார். 1990-இல் வெளியான அவர்களின் ஆய்வின்படி, சோதிக்கப்பட்ட யுனிக்ஸ் நிரல்களில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை குப்பை எழுத்துகளைத் தாங்க முடியாமல் வீழ்ந்தன.

ஜாவாஸ்கிரிப்டுக்கு இந்த முறையை முழுவீச்சில் கொண்டுவந்தவர்களுள் மொசில்லாவின் ஜெஸ்ஸி ரூடர்மன் முக்கியமானவர். 2007-இல் வெளியிடப்பட்ட அவருடைய கருவி ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் நூற்றுக்கணக்கான பிழைகளை வெளிக்கொணர்ந்தது. இங்கிலாந்தின் போர்ட்ஸ்விக்கர் நிறுவனத்தைச் சேர்ந்த கேரத் ஹேஸ் உலாவிகளின் வாசிப்பு விநோதங்களைத் தேடுவதையே தம் பணியாகக் கொண்டவர். அதற்காக ‘ஷேஸர்’ என்ற கருவியை உருவாக்கி, 2022-இல் ஒரு நூலும் எழுதினார். இவர்கள் கேட்கும் கேள்விகள் எளியவை. இந்த இடத்தில் எந்தெந்த எழுத்தை வைத்தாலும் நிரல் ஓடும்? எந்தெந்த எழுத்தை உலாவி கண்டுகொள்ளாமல் விடும்?

என் மாணவர்களுக்கு முதல் பயிற்சியாக நான் தருவதும் இதுபோன்ற ஒரு கேள்விதான். யூனிகோடின் முதல் 65,536 இடங்களிலுள்ள குறிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அதை ஜாவாஸ்கிரிப்ட் வெற்றிடமாகக் கருதுகிறதா என்று தங்கள் கணினியிலேயே சோதிக்க வேண்டும். பத்து வரி நிரல் போதும். விடை ஒரு நொடியில் வரும். வெற்றிடம் என்றால் விசைப்பலகையின் நீளப் பட்டை, வரி முறிவு என நான்கைந்து இருக்கும் என்று எண்ணித் தொடங்குவார்கள். விடை 25. இவற்றுள் பல கண்ணுக்கே தெரியாதவை. ஒரு காலத்தில் மங்கோலிய எழுத்துமுறைக்குரிய குறி ஒன்றும் இப்பட்டியலில் இருந்தது. 2013-இல் யூனிகோடு அதை வேறு வகைக்கு மாற்றியதால் வெளியேறியது. வெற்றிடங்கள் நான்கு மட்டுமே என நம்பி எழுதப்பட்ட வடிகட்டிக்கு மற்ற 21-உம் திறந்த வாயில்கள். அந்தப் பட்டியல் திரையில் ஓடும்போது மாணவர்களின் முகத்தில் தோன்றும் மாற்றத்தை எந்தப் பாடநூலாலும் உண்டாக்க முடியாது.

தமிழ் என்னும் சோதனைக்களம்

மேலைநாட்டுச் சோதனையாளர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளையும் குறிகளையும் சுற்றியே தேடுகிறார்கள். நம் அரசின் படிவங்களோ தமிழில் நிரப்பப்படுகின்றன. இங்கேதான் நமக்கே உரிய, வேறு எவரும் நமக்காகத் தேடித் தரமாட்டாத குறைகள் இருக்கின்றன.

‘மதுரை’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? முதல் வகுப்புக் குழந்தை மூன்று என்று சொல்லும். ஜாவாஸ்கிரிப்டைக் கேட்டால் ஐந்து என்னும். ‘து’வின் உகரக் குறியையும் ‘ரை’யின் ஐகாரக் குறியையும் அது தனியே எண்ணுகிறது. அதே சொல் வழக்கமான யூனிகோடு குறியாக்கத்தில் வட்டில் பதிவாகும்போது 15 பைட்டுகள். ஒரே ஊர்ப்பெயருக்கு மூன்று நீளங்கள். இருபது எழுத்துக்கு மேல் கூடாது என்று உலாவியில் ஒரு கணக்கிலும், தரவுத்தளத்தில் மற்றொரு கணக்கிலும் எல்லை வகுத்தால், ஓரிடத்தில் ஏற்கப்பட்ட பெயர் மற்றோரிடத்தில் பாதியில் வெட்டுப்படும்.

இனி, ‘கொ’ என்ற எழுத்து. ஒகரக் குறியை ஒரே குறியாகவும் பதியலாம். முன்னே வரும் கொம்பையும் பின்னே வரும் காலையும் தனித்தனியே பதிந்தும் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஜாவாஸ்கிரிப்ட் ஒப்பிட்டால் இரண்டும் வேறு. ‘ஔ’ என்ற எழுத்தை ஒரே குறியாக இடுபவர்களும் உண்டு. ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்து இடுபவர்களும் உண்டு. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு பெயர்கள் கணினிக்கு இரண்டு மனிதர்கள் ஆகிவிடக்கூடும். இதை ஒருவர் அறியாமல் செய்தால் அலைக்கழிப்பு. அறிந்து செய்தால் மோசடி.

தமிழ் எண்களின் கதை இன்னும் கவனத்துக்குரியது. ௧ என்பது ஒன்று, ௨ என்பது இரண்டு, ௮ என்பது எட்டு. இவை க, உ, அ என்னும் எழுத்துகளைப் போலவே தோற்றமளிப்பதைச் சொல்லத் தேவையில்லை. ‘௫௦௦௦’ என்று தமிழ் எண்ணில் எழுதி ஜாவாஸ்கிரிப்டிடம் கொடுத்தால், இது எண்ணே இல்லை என்று கைவிரிக்கும். அதையே சர்வர்களில் பரவலாகப் பயன்படும் பைத்தான் மொழியிடம் கொடுத்தால், தடையின்றி ஐயாயிரம் என்று எடுத்துக்கொள்ளும். ஒரே உள்ளீட்டுக்கு இரண்டு வாசகர்கள், இரண்டு பொருள்.

ஓர் எடுத்துக்காட்டாக, ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஏற்கக் கூடாத ஒரு படிவத்தை வைத்துக்கொள்வோம். உலாவியில், ‘தொகை ஆயிரத்துக்கு மேல் என்றால் மறு’ என்று விதி எழுதப்பட்டிருக்கிறது. எண்ணே இல்லாத ஒன்று ஆயிரத்துக்கு மேல் என்று ஜாவாஸ்கிரிப்ட் சொல்லாது. ஆகவே ‘௫௦௦௦’ மறுக்கப்படாமல் கடந்துபோகும். சர்வர் மீண்டும் சரிபார்க்காவிட்டால் ஐயாயிரம் பதிவாகும். அதே விதியை, ‘தொகை ஆயிரத்துக்குள் இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்’ என்று எழுதியிருந்தால் இந்த ஓட்டை இருந்திருக்காது. இரண்டும் ஒரே பொருள்தானே என்று எழுதியவர் எண்ணியிருப்பார். குப்பை உள்ளீடுகளைக் கொட்டிப் பார்க்கும் சோதனை ஒன்றே இந்த வேறுபாட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும். அதுவும் தமிழ் எண்களைக் கொட்ட வேண்டும் என்று தோன்றக்கூடிய ஒருவர் அதைச் செய்ய வேண்டும்.

இந்திய எழுத்துகளைப் போதிய அளவு சோதிக்காததன் விளைவை 2018 பிப்ரவரியில் உலகமே கண்டது. தெலுங்கு எழுத்துத் தொடர் ஒன்றைக் குறுஞ்செய்தியில் பெற்ற ஐபோன்களில் செயலிகள் முடங்கின. கோடிக்கணக்கானோர் பேசும் மொழியின் ஓர் எழுத்துத் தொடரை உலகின் மிகச் செல்வமிக்க நிறுவனங்களுள் ஒன்றான ஆப்பிளின் மென்பொருள் தாங்கவில்லை. அந்நிறுவனம் விரைந்து திருத்தம் வெளியிட்டது. அப்படியொரு தொடர் தமிழில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடும் வேலை, முதலில் நம்முடையது.

இணையதளமே கருவூலம்

இவையெல்லாம் மென்பொருளாளர்களின் கவலை என்று ஒதுக்கிவிட முடியாத காலத்தில் வாழ்கிறோம். மேலூரிலும் உசிலம்பட்டியிலும் திருமங்கலத்திலும் பட்டா மாறுதலுக்கும் சான்றிதழுக்கும் மக்கள் இ-சேவை மையத்தின் முன் நிற்கிறார்கள். அலங்காநல்லூர், பாலமேடு, அவனியாபுரம் வாடிவாசல்களில் இறங்கும் காளைக்கும் வீரருக்கும் முதலில் இணையத்தில் பதிவு வேண்டும். குடும்ப அட்டை, சொத்துவரி, குடிநீர்க் கட்டணம் என எல்லாம் ஒரு படிவத்தில் தொடங்கி ஒரு தரவுத்தளத்தில் முடிகின்றன.

அந்தத் தரவுத்தளம் கருவூலத்துக்கு நிகரானது என்பதை மதுரை மாநகராட்சியின் சொத்துவரி விவகாரம் உணர்த்தியிருக்கிறது. அலுவலர்களின் கடவுச்சொற்களைப் பயன்படுத்தி, கட்டடங்களுக்கான வரி குறைத்துப் பதிவு செய்யப்பட்டதாக எழுந்த புகாரில் 2025-இல் கைதுகள் நடந்தன. மண்டலத் தலைவர்கள் பதவி விலகினர். குற்றச்சாட்டுகளின் உண்மையை நீதிமன்றம் முடிவு செய்யும். இது பாகுபடுத்தியின் குறையால் நேர்ந்ததன்று. உள்ளிருப்போர் மீதான புகார். ஆயினும் சில விசை அழுத்தங்கள் ஒரு மாநகரின் வருவாயையே மாற்றிவிட முடியும் என்றால், வெளியிலிருந்து வரும் விசை அழுத்தங்களை நாம் எவ்வளவு கவனமாகச் சோதிக்க வேண்டும்?

மாநில அளவிலும் எச்சரிக்கைகள் வந்துள்ளன. தமிழகப் பொது விநியோகத் திட்டத்தோடு தொடர்புடைய சுமார் 49 லட்சம் பேரின் விவரங்கள் இணையத்தில் வெளியானதாக 2021-இல் டெக்னிசாங்க்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் தெரிவித்தது. 2024 மே மாதம் தமிழகக் காவல் துறையின் முக அடையாளத் தளத்துக்குள் அந்நியர் நுழைந்தனர். ஒவ்வொரு நிகழ்வுக்கும் காரணம் வேறு. சேதம் நிகழ்ந்த பிறகு அறிந்தோம் என்பதில் மட்டும் இவை ஒத்துப்போகின்றன.

அரசு கைகட்டி நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான ‘செர்ட்-இன்’ ஆணையிட்டது. ஆண்டுக்கு ஒரு முறையேனும் பாதுகாப்புத் தணிக்கை வேண்டும் என்ற அதன் வழிகாட்டுதல் 2025 ஜூலையில் வந்தது. 2023-ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. தரவைக் காக்கத் தவறும் அமைப்புக்கு 250 கோடி ரூபாய்வரை அபராதம் விதிக்க அச்சட்டம் இடமளிக்கிறது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால், தணிக்கையாளர் ஆண்டுக்கு ஒரு முறை ஒரு பட்டியலோடு வருகிறார். மென்பொருளோ மாதந்தோறும் மாறுகிறது. தாக்குபவர் எந்தப் பட்டியலுக்கும் கட்டுப்பட்டவரில்லை. இந்த இடைவெளியை நிரப்பக்கூடியவர்கள், ஆர்வமும் நேரமும் திறமையும் கொண்ட வெளி ஆய்வாளர்களே.

சிலம்பை உடைத்த ஊர்

அந்தத் திறமைக்கு இங்கே பஞ்சமில்லை. தமிழகத்தைச் சேர்ந்த லக்ஷ்மண் முத்தையா 2015-இல் ஃபேஸ்புக்கில் பிறர் படங்களை அழிக்க வழிவிட்ட குறையைக் கண்டு சொல்லி 12,500 டாலர் பரிசு பெற்றார். பின்னர் இன்ஸ்டகிராம், மைக்ரோசாஃப்ட் குறைகளுக்காக முறையே 30,000, 50,000 டாலர்கள். 2021-இல் சென்னைப் பள்ளி மாணவர் ஒருவர் ஐஆர்சிடிசி தளத்தில், எண்ணை மாற்றினால் பிற பயணிகளின் விவரங்கள் தெரிவதைக் கண்டு செர்ட்-இன் அமைப்புக்கு எழுதினார். சில நாள்களில் அது சரிசெய்யப்பட்டது. அந்த மாணவர் செய்தது நாட்டுக்குச் செய்த சேவை. அதே செயலைச் சட்டத்தின் கண்ணாடி வழியே பார்த்தால் காட்சி வேறு.

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43-ஆம் பிரிவு, உரிமையாளரின் அனுமதியின்றிக் கணினியை அணுகினாலே இழப்பீட்டுக்கு வழிசெய்கிறது. நோக்கம் என்ன என்று அது கேட்பதில்லை. அதே செயலை நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவின்கீழ் மூன்றாண்டுவரை சிறை. பாதுகாக்கப்பட்ட அமைப்பென அறிவிக்கப்பட்ட கணினியாயின், 70-ஆம் பிரிவின்கீழ் பத்தாண்டுவரை. நேர்மையற்ற நோக்கம் இல்லை என்று நிரூபித்து விடுதலை பெறலாம்தான். ஆனால் முதல் தகவல் அறிக்கைக்கும் விடுதலைக்கும் இடைப்பட்ட ஆண்டுகளை, வேலை தேடும் ஒரு பட்டதாரி எப்படிக் கடப்பார்? நல்லெண்ண ஆய்வுக்கென்று தனி விலக்கு ஏதும் இச்சட்டத்தில் இல்லை.

அச்சம் காரணமற்றதும் இல்லை. வாக்குப்பதிவு இயந்திரத்தின் பலவீனத்தைச் சோதித்துக் காட்டிய ஹைதராபாத் பொறியாளர் ஹரி பிரசாத் 2010-இல் கைதானார். 500 ரூபாய்க்கு ஆதார் விவரங்கள் கிடைப்பதை எழுதிய ‘டிரிப்யூன்’ செய்தியாளர்மீது 2018-இல் முதல் தகவல் அறிக்கை பதிவானது. இளைஞர்களிடம் இச்செய்திகள் தங்கிவிட்டன. என் மாணவர் ஒருவர், பொதுமக்கள் பயன்படுத்தும் ஒரு தளத்தில் தம் விண்ணப்பத்தைப் பார்க்கும்போது, முகவரியில் ஓரெண் மாறினால் பிறர் விண்ணப்பம் திறப்பதைத் தற்செயலாகக் கண்டார். தளத்தில் இதற்கென்று தொடர்பு முகவரி இல்லை. செர்ட்-இன்னுக்கு எழுதச் சொன்னேன். “எழுதினால் என் பெயர் போகுமே ஐயா, வீட்டுக்குப் போலீஸ் வந்தால் அப்பா தாங்கமாட்டார்” என்றார். என் பெயரில் நானே எழுதினேன். சில வாரங்களில் ஓட்டை அடைபட்டது. பதில் எதுவும் வரவில்லை. அந்த மாணவர் இப்போது சோதனைத் துறையிலேயே இல்லை.

ஆராயாமல் அளித்த தீர்ப்பு எத்தகைய அழிவைத் தரும் என்பதற்கு மதுரையைவிடப் பழைய சாட்சி இல்லை. அரசவையில் சிலம்பு உடைந்த பிறகுதான் உள்ளே இருந்தவை முத்துகளா மாணிக்கங்களா என்பது தெரிந்தது. பொற்கொல்லனின் சொல்லை நம்பிய மன்னன் முன்னமே சோதித்துப் பார்த்திருந்தால் நகரம் எரிந்திருக்காது. ‘எங்கள் தளம் பாதுகாப்பானது’ என்ற ஒப்பந்ததாரரின் சான்றிதழை மட்டும் நம்பி மக்கள் தரவை ஒப்படைக்கும் நிர்வாகம் இதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

சோதனைக்குக் கதவைத் திறந்தால் விஷமிகளும் நுழைவார்கள் என்ற மறுப்பு எழும். அது நியாயமான அச்சமே. தாறுமாறான உள்ளீடுகளை மக்கள் பயன்படுத்தும் தளத்தின்மீது கணக்கின்றிக் கொட்டினால் தளமே முடங்கும். விண்ணப்பக் கடைசி நாளில் அப்படி நேர்ந்தால் பாதிக்கப்படுபவர் ஏழை மாணவர்தான். ஆகவே நான் கோருவது கட்டற்ற உரிமையை அன்று, நிபந்தனையுள்ள உரிமையை. விஷமிகள் இப்போதும் அனுமதி கேட்டு நிற்கவில்லை. தடை தடுத்து நிறுத்தியிருப்பது சட்டத்துக்கு அஞ்சுபவர்களை மட்டுமே.

பிற நாடுகள் இதற்கு வழி கண்டிருக்கின்றன. நெதர்லாந்து 2013-லேயே பொறுப்பான வெளிப்படுத்தலுக்கு வழிகாட்டுதல் வகுத்தது. நல்லெண்ண ஆய்வாளர்கள்மீது கணினிக் குற்றச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுப்பதில்லை என்று அமெரிக்க நீதித் துறை 2022 மே மாதம் கொள்கை வகுத்தது. 2023-இல் பெல்ஜியம் நிபந்தனைகளோடு சட்டப் பாதுகாப்பே வழங்கியது. இங்கும் 2022-இல் ஆதார் ஆணையம் தேர்ந்தெடுத்த 20 பேரைச் சோதனைக்கு அழைத்தது. அது நல்ல தொடக்கம். ஆனால் 20 பேருக்கான அழைப்பு ஒரு நாட்டின் கொள்கை ஆகிவிடாது.

முதலில், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் நல்லெண்ண ஆய்வுக்கு விலக்கு வேண்டும். தேவையான அளவுக்கு மேல் தரவைத் தொடாதவர், சேவையை முடக்காதவர், கண்டதை உடனே உரியவரிடம் தெரிவித்தவர், திருத்தும்வரை வெளியிடாதவர் ஆகியோருக்கு அது பொருந்தட்டும். இது நாடாளுமன்றத்தின் வேலை, காலம் எடுக்கும்.

மாநில அரசும் மாநகராட்சியும் இன்றே செய்யக்கூடியவையும் உண்டு. ஒவ்வொரு அரசுத் தளத்திலும் குறைகளைத் தெரிவிக்க ஒரு முகவரி இருக்க வேண்டும். அதற்கான கோப்பு எப்படி அமைய வேண்டும் என்பதற்கு 2022 முதல் உலகத் தரநிலையே இருக்கிறது. அந்தக் கோப்பை உருவாக்க ஒரு மணி நேரம் போதும். மக்கள் பயன்படுத்தும் தளத்தைப் போலவே, போலித் தரவு நிரம்பிய சோதனை நகல் ஒன்றைத் தனியே வைத்து, பதிவுசெய்த மாணவர்களையும் ஆய்வாளர்களையும் அதில் வேண்டுமட்டும் உடைத்துப் பார்க்க அனுமதிக்கலாம். ஒப்பந்தப்புள்ளியிலேயே தாறுமாறு உள்ளீட்டுச் சோதனையைக் கட்டாயமாக்கி, அதில் தமிழ் எண்கள், இரட்டை வடிவ உயிர்க்குறிகள், கண்ணுக்குத் தெரியாத வெற்றிடங்கள் ஆகியவை இடம்பெற வேண்டும் என்று வரையறுக்கலாம். அந்தத் தமிழ்ச் சோதனைத் தொகுப்பை ஒரு முறை உருவாக்கிப் பொதுவில் வைத்தால், சிங்கப்பூர், இலங்கை அரசுத் தளங்களுக்கும் அது பயன்படும்.

இதை மதுரையில் தொடங்கலாம். இங்கே பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்கள் இருக்கின்றன. தமிழை எழுத்தெழுத்தாகப் பிரித்தறியும் மாணவர்கள் ஆண்டுதோறும் பட்டம் பெற்று வெளியேறுகிறார்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கியக் கடமைகள் 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும்போது, ஒவ்வொரு துறையும் தன் தளத்தைச் சோதிக்க ஆள் தேடி அலையும். அதற்குள் அந்த மாணவர்களிடம் நிர்வாகம் ஒரு கடிதத்தைக் கொடுத்துவிட வேண்டும்: ‘இந்த எல்லைக்குள் சோதியுங்கள், கண்டதை எங்களிடம் சொல்லுங்கள், உங்கள்மீது வழக்கு வராது.’ மூன்று வாக்கியம் கொண்ட அந்தக் கடிதத்துக்குச் செலவு ஏதுமில்லை. வேண்டியிருப்பது கையொப்பமிடும் மனம் மட்டுமே.